உப்புக்காற்றில் பழைய காரின் இன்ஜின் வயரிங்: கப்ளரை மாற்றுவதா, செட்டையே மாற்றுவதா?

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது. விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. இன்ஜின் செக் விளக்கு வருகிறது, போகிறது. மெக்கானிக் ஒரு சென்சாரை மாற்றுகிறார். கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் அதே தொல்லை. கடைசியில் ஒருவர், "வயரிங் போயிருச்சு சார், செட்டையே மாத்திடலாம்" என்கிறார். "எதுக்கு அவ்வளவு செலவு? கப்ளரை வெட்டிட்டு வயரை நேரா முறுக்கிவிட்டா போதும்" என்கிறார் இன்னொருவர். (கப்ளர் என்பது வயரை சென்சாரோடு இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு; செட் என்பது இன்ஜினின் வயர்களும் கப்ளர்களும் சேர்ந்த முழுக் கட்டு.) மதுரையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய செட் கிடைக்கும் என்று மூன்றாவதாக ஒரு யோசனையும் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரையில் இந்த முடிவைக் கப்ளரின் வெளித்தோற்றத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது. வயருக்குள் களிம்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதைப் பார்க்காமல் யார் விலை சொன்னாலும் அது குத்துமதிப்பான விலைதான்.

இங்கே சொல்வதெல்லாம் பழைய எம்பிஎஃப்ஐ (சென்சார்களைக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும்) பெட்ரோல் வண்டிகளை மனத்தில் வைத்துத்தான்: மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ போன்றவை. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிகளில் இன்ஜின் பக்கம் வயர்களே குறைவு. அவற்றுக்குக் கீழே சொல்லும் எர்த் சோதனையும் முதல் வழியும் பெரும்பாலும் போதும்.

உப்பு வயருக்குள் செய்யும் வேலை

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் தேடி வந்து இரும்புத் தகடுகளைக் காற்றில் வைத்துப் பார்க்கும் ஊரில்தான் நாம் காரை ராத்திரி முழுக்க வெளியே நிறுத்துகிறோம்.

காற்றோடு வரும் உப்புத்துகள் இன்ஜின் அறைக்குள்ளும் படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தை நெருங்கினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே பிசுபிசுத்துவிடும். அதனால் மழையே இல்லாத நாளிலும் விடியும்போது கப்ளருக்குள் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். வெயில் வந்ததும் காயும். காலையில் மக்கர், மதியம் சரி என்ற கதைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கப்ளரோடு நின்றிருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி இல்லை, முடி போன்ற பல செம்பு இழைகள். அந்த இழைகளுக்கு இடையில், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, உப்புநீர் மேலே ஏறுகிறது. வெளியே உறை புதிது போலவே இருக்கும். சீவினால் செம்பு கறுத்துப்போய், வளைத்தவுடன் பொடிப்பொடியாக உடையும்.

இதனால் இன்ஜினுக்கு என்ன ஆகிறது என்பதற்குக் கூலன்ட் வெப்பநிலை சென்சார் நல்ல உதாரணம். மாருதி வகை வண்டிகளில் அந்த சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,400 ஓம் இருக்கும். இன்ஜின் சூடாகி 80 டிகிரிக்கு வரும்போது சுமார் 300 ஓம் ஆகிவிடும். கப்ளரில் ஏறிய களிம்பு இன்னொரு 300 ஓமைச் சேர்த்தால், இன்ஜின் இன்னும் 60 டிகிரியில்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கும். உடனே பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறைகிறது, புகை கறுக்கிறது, பிளக் கரி பிடிக்கிறது. சென்சாரைக் கழற்றிச் சோதித்தால் அது நல்லதாகவே இருக்கும்! புது சென்சார் மாட்டும்போது கப்ளரைக் கழற்றி மாட்டியதிலேயே களிம்பு கொஞ்சம் உராய்ந்து போகும். அதனால் கொஞ்ச நாள் சரியாக ஓடும். பிறகு பழைய நிலை.

எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். முதல் இரண்டுக்குத்தான் கனம் அதிகம்.

களிம்பின் தூரம். சந்தேகப்படும் கப்ளரிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி வயர் உறையைச் சீவிப் பாருங்கள். அங்கே செம்பு பளிச்சென்று இருந்தால் நோய் நுனியோடு நிற்கிறது. கறுப்பாக இருந்தால் ஒரு சாண் தள்ளி மறுபடி பாருங்கள். கிளை வயர், மொத்தக் கட்டோடு சேரும் இடம் வரை கறுப்பு போயிருந்தால் நுனி வைத்தியம் பலிக்காது. சீவிப் பார்த்த இடங்களைத் திறந்து விடாமல் அப்போதே பசை ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி ஒட்டும் குழாய் உறை) போட்டு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் சோதித்த இடமே புது ஓட்டையாகிவிடும்.

வண்டிக்கு மீதி இருக்கும் ஆயுள். தனியார் காரின் பதிவு 15 வருடம். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த புதுப்பித்தலுக்கு எஃப்சி காட்டும் அளவுக்கு பாடி இருக்கிறதா? கால்மிதிக்குக் கீழே தரைத்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பொருந்தும் மூலைகள் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அங்கே துரு ஓட்டை போட்டிருந்தால் வயரிங்குக்குப் பெரிய பணம் போடாதீர்கள்.

வண்டி எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பது மூன்றாவது. பரமக்குடிப் பக்கம் கொட்டகையில் நிற்கும் வண்டியும் பாம்பனில் வெட்டவெளியில் நிற்கும் வண்டியும் ஒன்றல்ல. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு, தனுஷ்கோடிக்குச் சவாரி அடிக்கும் வண்டிகள் இருபுறமும் கடல் இருக்கும் பாதையில் சாரலையும் மணலையும் வாங்கிக்கொண்டே ஓடுகின்றன.

நான்காவது, வண்டி எத்தனை நாள் நிற்கலாம் என்பது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நேரத்தில் ராமேஸ்வரத்துக்கு வாடகை ஓட்டுபவருக்கு ஒரு வாரம் என்பது பெரிய இழப்பு. ஐந்தாவது, நாளைக்கு நடுவழியில் நின்றால் யார் சரிசெய்வார் என்பது. ராமநாதபுரத்தில் கடைகள் உண்டு. சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே ராத்திரியில் யாரைத் தேடுவது? அப்படி ஓடும் வண்டியில், எந்த எலெக்ட்ரீஷியன் பார்த்தாலும் புரியும்படி வயரிங் இருக்க வேண்டும்.

எந்த வழிக்கும் முன்னால்: எர்த்

எர்த் என்பது பேட்டரியின் மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு. செலவே இல்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் வயரிங் செட் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிறேன். நம் பக்கத்து வண்டிகளில் வயரிங் கோளாறு என்று வருபவற்றில் கணிசமானவை எர்த் போல்ட்டில் முடிந்துவிடுகின்றன.

இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முளையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்தது பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு. பிறகு சென்சார் கப்ளரின் எர்த் வயருக்கு, இங்கே 0.05 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகம்தான். ஏனென்றால் சென்சார்கள் பேசுவதே 5 வோல்ட்டுக்குள்.

வண்டியை நிறுத்தி வைத்து ஓம் மீட்டரில் பார்ப்பது ஏமாற்றும். பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். கரண்ட் ஓடும்போது வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எர்த் போல்ட்டைக் கழற்றி, லக்கும் (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) பாடித் தகடும் வெள்ளை இரும்பாகத் தெரியும் வரை சுத்தம் செய்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். லக்கின் கழுத்தில் வயர் பச்சையாக இருந்தால் அந்த எர்த் வயரையே மாற்றிவிடுங்கள். இதிலேயே தொல்லை போய்விட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

வழி 1: கப்ளரும் நுனி வயரும் மட்டும்

களிம்பு நுனியோடு நிற்கும் வண்டிக்கு இதுதான் சரி. குறைந்த செலவு, ஓரிரு நாள் வேலை. கம்பெனி போட்ட மூல வயரிங்கும் கலையாமல் இருக்கும். என் கணிப்பில் இந்தக் கடற்கரையில் பெரும்பாலான வண்டிகளுக்கு இது போதும். ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், அதில்தான் சிக்கல்.

ஒழுங்கு என்றால் என்ன? பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, பளிச்சென்ற செம்பு தெரியும் வரை பழைய வயரை வெட்ட வேண்டும். கறுத்த செம்பின் மேல் எந்த ஜாயின்ட்டும் பிடிக்காது. கிரிம்ப்பும் (உலோகக் குழலில் வைத்து அழுத்துவது) சரி, ஈயமும் (உருக்கிப் பற்ற வைப்பது) சரி. வயரோடு வரும் புதுக் கப்ளரை வாங்கி, அதே கனத்தில், முடிந்தால் அதே நிறத்தில் இணைக்க வேண்டும். நான்கு வயர் இருந்தால் நான்கு ஜாயின்ட்டையும் ஒரே இடத்தில் போடாமல் முன்னும் பின்னுமாகப் போட வேண்டும். அப்போதுதான் கட்டு ஒரே இடத்தில் புடைக்காது, ஒன்றோடொன்று உரசாது. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கிரிம்ப்பிங் பிளேயரால் அழுத்தி, அதன் மேல் உள்பக்கம் பசை தடவிய ஸ்லீவைப் போட்டுச் சூடாக்க வேண்டும். ஸ்லீவின் இரண்டு ஓரத்திலும் பசை ஒரு சொட்டு வெளியே பிதுங்கி வர வேண்டும். அந்தச் சொட்டு தெரிந்தால்தான் உள்ளே காற்று போகாது. சும்மா சுருங்கும் சாதாரண ஸ்லீவ் நம் ஊருக்குப் போதாது. இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால், இன்ஜின் சூட்டில் கோந்து இளகி வழிந்து, ஒரு கோடையிலேயே உரிந்துவிடும்.

ஈயம் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆடாத இடத்தில், ரோசின் வைத்த ஈயமாக இருந்தால் பரவாயில்லை. இன்ஜின் மேல் ஆடும் வயரில் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஓடி வயரை விறைப்பாக்கும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு வயர் முறியும். ஆசிட் வைத்துப் பற்ற வைப்பதை எங்குமே அனுமதிக்காதீர்கள். மிஞ்சிய ஆசிட் உள்ளிருந்தே தின்னும்.

ஆக்சிஜன் சென்சார் வயரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் பல வகைகள், ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த வயரின் இழைகள் வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. அங்கே ஈயம் வைத்தாலோ கப்ளருக்குள் கிரீஸ் அடைத்தாலோ சென்சார் மூச்சு முட்டித் தப்பாகக் காட்டும். கிராங்க் சென்சார் வயரைச் சுற்றி வலைபோல ஒரு கவசக் கம்பி இருந்தால், அதை வெட்டி எறியாமல் முன்பிருந்தபடியே தொடர வேண்டும். அது போனால் பிளக் வயரின் இரைச்சல் சிக்னலில் கலந்து, ஓடும்போதே இன்ஜின் அணையும்.

இனி மறைந்திருக்கும் செலவு. கறுத்த வயரைப் போதிய அளவு வெட்டாமல் புதுக் கப்ளர் போட்டால், அடுத்த மழைக்காலத்துக்குள் அதே வேலை மறுபடி வரும். கப்ளருக்குள் இருக்கும் உலோகப் பின்னை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பதும் இப்படித்தான். பின் மேலே இருக்கும் வெள்ளீய முலாம் தேய்ந்துபோய் உள்ளே பித்தளை வெளிப்படும். பிறகு முன்பைவிட வேகமாகக் களிம்பேறும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும். அதற்கும் போகாத பின்னை மாற்றுவதுதான் முறை. முலாமிலும் ஒரு விஷயம் இருக்கிறது: வெள்ளீய முலாம் பின்னுக்கு வெள்ளீய முலாம்தான், தங்க முலாமுக்குத் தங்க முலாம்தான். மாற்றிச் சேர்த்தால் உரசும் இடத்திலேயே அரிப்பு ஆரம்பிக்கும்.

கப்ளரையே வெட்டிவிட்டு நேராக முறுக்கிவிடுவது பற்றி ஒரு வார்த்தை. நடுவழியில் வீடு சேர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அப்படியே விட்டால் அடுத்த முறை சென்சாரைக் கழற்ற மறுபடி வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் வயர் குட்டையாகும். ஊருக்கு வந்ததும் கப்ளர் போட்டுவிடுங்கள்.

வழி 2: கிளையையோ முழு செட்டையோ புதிதாகக் கட்டுவது

களிம்பு கிளை முழுக்க ஓடியிருந்தால், எலி கடித்திருந்தால், அல்லது பல பேர் பல காலமாக ஒட்டுப் போட்டு எது எங்கே போகிறது என்றே தெரியாத நிலை இருந்தால் இந்த வழிதான். முழு செட்டையும் கட்ட வேண்டும் என்பதில்லை. நான் முதலில் பரிந்துரைப்பது கிளையை மட்டும் கட்டுவது. சென்சாரிலிருந்து மொத்தக் கட்டில் நல்ல செம்பு கிடைக்கும் இடம் வரை புது வயர் இழுத்தால் போதும். இன்ஜின் தலைப்பக்கம் சூட்டையும், ரேடியேட்டருக்குப் பின்னால் காற்றையும் வாங்கும் கிளைகள்தான் முதலில் போகும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் பகுதி பல வண்டிகளில் நன்றாகவே இருக்கும்.

முழுசாகக் கட்டுவதாக இருந்தால், பழைய செட்டை வெட்டாமல் கழற்றி ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் ஆணி அடித்து, நீளத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வயராகப் புதியதை அதே பாதையில் போடும் எலெக்ட்ரீஷியனைத் தேடுங்கள். அவசரத்தில் வண்டியிலேயே பழையதை வெட்டி வெட்டிப் புதியதைப் போடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். எது எங்கே இருந்தது என்பதற்கு அப்புறம் சாட்சியே இருக்காது.

இந்த வழியின் பெரிய லாபம், நம் ஊருக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளலாம் என்பது. வெள்ளீயம் பூசிய செம்பு இழை வயர் படகு வயரிங்குக்கு என்றே வருகிறது. கிடைத்தால் எர்த்துக்கும் வெளியில் தெரியும் கிளைகளுக்கும் அதைப் போடலாம். ரப்பர் சீல் உள்ள கப்ளர்களாகவே மாற்றிக்கொள்ளலாம். வயர் கப்ளருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால், ஓடி வரும் தண்ணீர் கப்ளருக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, அதன் பிளவு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தால் உள்ளே தேங்காது. துணி டேப் வேண்டாம். அது உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

செலவு மறைந்திருப்பது மூன்று இடங்களில். ஒன்று, கூலி. பொருளைவிடக் கூலிதான் அதிகமாகும், வண்டியும் சில நாட்கள் நிற்கும். இரண்டு, வயரின் தரம். கடையில் வீட்டு வயரிங் வயரையே கொடுத்துவிடுவதுண்டு. அதன் உறை 70 டிகிரி வரைக்குத்தான். எக்ஸாஸ்ட் பக்கம் அது இளகி ஓடும். குறைந்தது 105 டிகிரி தாங்கும் வாகன வயர் என்று கேட்டு வாங்குங்கள். மூன்று, நிறம். கையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சிவப்பிலும் கறுப்பிலும் போட்டுவிட்டால், போட்டவரைத் தவிர வேறு யாராலும் அந்த வண்டியைப் பார்க்க முடியாது. அவர் வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது? பழைய நிறத்திலேயே போடச் சொல்லுங்கள். கிடைக்காத இடத்தில் இரு முனையிலும் எண் குறித்த ஸ்லீவ் மாட்டி, ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃப்யூஸ் அளவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூட்ட விடாதீர்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று 20 போட்டால், அடுத்து எரிவது வயர். ஏர்பேக் இருக்கும் வண்டியில் மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை வயர்களைத் தொடவே கூடாது.

வழி 3: உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய செட்

கேட்க நன்றாக இருக்கும் யோசனை: கம்பெனி நிறங்கள், கம்பெனி கப்ளர், பாதி விலைக்கும் கீழே. உள்நாட்டில் வெயிலில் ஓடிய வண்டியின் செட் கிடைத்தால் நிஜமாகவே நல்ல பேரம்தான்.

ஆனாலும் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. தண்ணீரில் மூழ்கிய வண்டிகளின் பாகங்களும் பழைய சாமான் சந்தைக்கு வருகின்றன. வெள்ளத்தில் ஊறிய செட்டை வெளியே துடைத்து வைத்தால் யாருக்கும் தெரியாது. உள்ளே நம் உப்புக்காற்று பல வருடத்தில் செய்த வேலையை அந்தத் தண்ணீர் முன்பே செய்து முடித்திருக்கும். கப்ளரின் அடியில் காய்ந்த சேற்றுக் கோடு, பின்களுக்கு நடுவே வண்டல் தூசி ஆகியவற்றைப் பார்த்தால் வாங்காதீர்கள். வாங்கும் முன் இரண்டு மூன்று வயரைச் சீவிப் பார்க்க விட வேண்டும். விடமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள்.

பொருந்துவதும் ஒரு கேள்வி. நாடு முழுக்க வண்டிப் புகைக்கான பிஎஸ் 2 விதி 2005-லும், பிஎஸ் 3 விதி 2010-லும் வந்தன. ஒரே பெயர், ஒரே பாடி என்றாலும், அந்த மாற்றங்களை ஒட்டிக் கம்ப்யூட்டர், சென்சார் எண்ணிக்கை, கப்ளரின் பின் வரிசை மாறியிருக்கலாம். தயாரித்த வருடமும் மாதமும் பொருந்துவதோடு, கம்ப்யூட்டர் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரும் பொருந்தினால் மட்டும் எடுங்கள். மாட்டும் கூலி புது செட்டுக்கு எவ்வளவோ அவ்வளவுதான். செட் சரியில்லை என்று தெரிந்தால் அந்தக் கூலி இரண்டு மடங்காகும். மலிவு என்று நினைத்தது அங்கே போய்விடும்.

இந்த வழி யாருக்கு? ஒன்றிரண்டு வருடம் மட்டும் ஓட்டிவிட்டுக் கொடுத்துவிடப் போகிறவருக்கு. அல்லது ஒரே மாதிரி வண்டி இரண்டு வைத்திருந்து, ஒன்றை உடைக்கும் வாடகை வண்டிக்காரருக்கு. மற்றபடி, முழு செட்டுக்காக இல்லாமல், நல்ல நிலையில் உள்ள கப்ளர்களை வெட்டி எடுத்து வழி 1-க்குப் பயன்படுத்தப் பழைய செட் வாங்குவது புத்திசாலித்தனம். கடையில் கிடைக்காத கப்ளர்கள் இப்படித்தான் கிடைக்கும்.

வழி 4: கம்பெனி புது செட்

கிடைத்தால் வேலை சுத்தம். நீளம், நிறம், கப்ளர் எல்லாம் அச்சுப் பொருந்தும், மாட்டும் நேரமும் குறைவு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் ஆர்டர் போடுங்கள். தயாரிப்பு நின்று பல வருடமான வண்டிக்கு வராமலே போகலாம், அல்லது நாள்கணக்கில் காத்திருக்க வைக்கலாம். மின்சாரப் பாகங்களைப் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால் நம்பர் தப்பினால் நட்டம் நம்முடையது.

கம்பெனி என்ற பெயரில் வரும் போலி செட்டில் ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை உண்டு. வயரைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்வரை சிவப்பாக இருந்தால் செம்பு. மேலே சிவப்பும் நடுவில் வெள்ளையும் என்றால் செம்பு பூசிய அலுமினியம். உப்புக்காற்றில் அது செம்பைவிட மோசமாகப் போகும். வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர் எதிர்; மேலே வெள்ளை, நடுவில் சிவப்பு.

உண்மையான புது செட்டும் நம் கடற்கரைக்கு என்று தனியாகத் தயாரித்தது அல்ல. பழைய எர்த் போல்ட்டையே வைத்து, சீல் இல்லாத கப்ளர்களை அப்படியே மாட்டினால் அதுவும் பழையபடி களிம்பேறும். பாடி கெட்டியாக இருந்து, குடும்பத்தில் இன்னும் பல வருடம் ஓட வேண்டிய வண்டிக்கு மட்டும் இந்தப் பணத்தைப் போடலாம்.

ஒரே பார்வையில்

| | கப்ளர், நுனி வயர் | புதிதாகக் கட்டுவது | பழைய செட் | கம்பெனி புது செட் |
|---|---|---|---|---|
| களிம்பு எதுவரை இருந்தால் | நுனியில் மட்டும் | கிளை முழுக்க, அல்லது எங்கும் | எங்கும் | எங்கும் |
| செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் வரை | ஆரம்பத்தில் குறைவு | அதிகம் |
| வண்டி நிற்கும் காலம் | ஓரிரு நாள் | சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் | தேடும் நாள், மாட்டும் நாள் | ஆர்டர் வரும்வரை |
| மறைந்திருக்கும் செலவு | வெட்டாமல் விட்ட கறுப்பு வயர் | கூலி, நிறக் குழப்பம் | வெள்ளத்தில் ஊறியது, பொருந்தாதது, இரட்டைக் கூலி | போலி, திருப்ப முடியாமை |
| நடுவழியில் யாரும் பார்க்க முடியுமா | முடியும் | நிறமும் தாளும் இருந்தால் முடியும் | முடியும் | முடியும் |
| உப்புக்குத் தாங்குவது | சீலைப் பொறுத்து | நன்றாகக் கட்டினால் மிக நன்று | சந்தேகம் | சீலும் எர்த்தும் பார்த்தால் நன்று |

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது

எந்த வழியில் போனாலும், பணம் கொடுக்கும் முன் எலெக்ட்ரீஷியனோடு நின்று, மேலே சொன்ன எர்த் அளவுகளை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு கப்ளரையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஐடிலிங் ஏறி இறங்கினாலோ விளக்கு மினுக்கினாலோ அந்த இடம் இன்னும் முடியவில்லை. மாற்றிய பழைய வயரையும் கப்ளரையும் கேட்டு வாங்கி, வெட்டிய நுனியைப் பாருங்கள். வண்டியில் மிஞ்சிய பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த நுனியே காட்டிவிடும். கறுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்க வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

கப்ளர் சீலில் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவச் சொல்லுங்கள், ஆக்சிஜன் சென்சாரைத் தவிர. வாசலின் பேட்டரி முளைக்கு நல்லது. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பதால் சிலிகான் ரப்பர் சீலை அது உப்ப வைக்கும். எனவே கப்ளருக்கு வேண்டாம்.

கடைசியாக, தண்ணீர். கடற்கரை ஊர்களில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதை மோட்டாரில் பீய்ச்சி இன்ஜினைக் கழுவினால் காற்றில் வரும் உப்பைவிட அதிகமாக நாமே கப்ளருக்குள் ஏற்றிவிடுவோம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு வாளி எடுத்துவைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, இன்ஜின் அறையையும் கப்ளர்களின் வெளிப்பக்கத்தையும் துடைத்தால் போதும். வாடைக்காற்றும் ஐப்பசி மழையும் வந்துவிட்டால், வேலை செய்யும்போதே ஈரம் ஸ்லீவுக்குள் அடைபட்டுவிடும். ஆவணியிலோ புரட்டாசியிலோ, காய்ந்த பகல் நேரத்தில் வண்டியை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.